ஓட்டல் சிப்பந்திகளுக்குப் படிப்பு: எந்த நேரத்தில்?

தோசை சுடத் தெரிந்தவருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

இப்படிக் கேட்பவர்கள் பலர் உண்டு. ஓட்டல் முதலாளிகளிலும் உண்டு, தொழிலாளிகளிலும் உண்டு. "கை பழகினால் தொழில் தானாக வரும். காகிதம் எதற்கு?" என்பது அவர்கள் கட்சி.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. "கை பழகினால் மட்டும் போதாது. சுத்தம் தெரியவேண்டும், கணக்குத் தெரியவேண்டும், வருகிறவரிடம் பேசத் தெரியவேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும்" என்பது அந்தக் கட்சி. அரசாங்கம் இந்தப் பக்கம் நிற்கிறது. 2025 பிப்ரவரியில் மத்திய மந்திரி சபை ஒரு முடிவு செய்தது. தொழிற்பயிற்சித் திட்டங்கள் மூன்றை ஒன்றாகச் சேர்த்தது. 2022-23 முதல் 2025-26 முடிய அவற்றுக்கு 8,800 கோடி ரூபாய் என்று ஒதுக்கியது. இது எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்து. ஓட்டல் தொழிலும் அவற்றில் ஒன்று.

ஆக, பணம் இருக்கிறது. பாடமும் இருக்கிறது. படிக்கவேண்டியவருக்கு நேரம் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

சிப்பந்தியின் ஒரு நாள்

சாதாரண டிபன் ஓட்டல் ஒன்றை எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். விடியுமுன் அடுப்புப் பற்றவைத்தாக வேண்டும். முதல் காப்பி கேட்டு ஆள் வருமுன் பால் காய்ந்திருக்க வேண்டும். இட்லி, பொங்கல், வடை என்று காலைக் கூட்டம் 10 மணி வரை. பிறகு சாப்பாடு. அது 3 மணி வரை. மாலை மறுபடியும் டிபன். இரவு கடைசிப் பந்தி முடிந்து, மேஜை துடைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்போது மணி 11 ஆகிவிடும்.

நடுவில் மூச்சு விடும் நேரம் ஒன்றே ஒன்று. பகல் 3 மணிக்கு மேல், மாலை டிபன் தொடங்கும் வரை. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் சிப்பந்தி சாப்பிட வேண்டும். துணி துவைக்க வேண்டும். ஊருக்குப் போன் பேச வேண்டும். கண் அயர வேண்டும்.

பெரிய ஓட்டல்களில் ஆள் மாற்றி வேலை வாங்குகிறார்கள். ஒரு சாரார் போனதும் இன்னொரு சாரார் வருகிறார்கள். சிறிய ஓட்டலில் அது நடப்பதில்லை. காலையில் இட்லி எடுத்தவரே இரவில் தோசையும் வார்க்கிறார்.

இந்தத் தொழிலின் வேலை நேரம் மற்றத் தொழில்களைப் போல அல்ல என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். அதனால்தான் 1958-ம் ஆண்டிலேயே சென்னை ராஜ்யத்தில் ஓட்டல்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் வந்தது. வேலை நேரம், இடைவேளை, வார விடுமுறை ஆகியவற்றை அந்தச் சட்டம் வரையறுத்தது.

இத்தகைய ஒருவரை "காலை 10 மணிக்கு வகுப்பு, வா" என்று கூப்பிட்டால் அவர் எப்படிப் போவார்? போனால் அன்றைய சம்பளம் போகும். சம்பளம் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவேதான் ஓட்டல் சிப்பந்திகளுக்கு முழு நேரப் படிப்பைவிடப் பகுதி நேரப் படிப்பே பொருந்தும் என்று சொல்கிறார்கள். ஆனால் "பகுதி நேரம்" என்பது யாருடைய நேரம்? முதலாளியின் நேரமா, தொழிலாளியின் தூக்க நேரமா?

பழைய பள்ளிக்கூடம் மூடிவிட்டது

முன்பெல்லாம் ஓட்டலே பள்ளிக்கூடமாக இருந்தது. ஊரில் மழை பொய்த்தால், அப்பா இறந்துபோனால், பையனை ஓட்டலில் கொண்டுவந்து விடுவார்கள். மேஜை துடைக்கும் வேலை கிடைக்கும். சில ஆண்டுகளில் சப்ளையர் ஆவான். உள்ளே கூப்பிட்டால் மாவு ஆட்டுவான், காய் நறுக்குவான். மாஸ்டருக்கு மனம் வந்தால் கரண்டி கைக்கு வரும். பிறகு தோசை மாஸ்டர். அதற்கும் மேலே இனிப்பு, காரம் போடும் சரக்கு மாஸ்டர். கெட்டிக்காரன் ஒருவன் கல்லாவிலும் உட்கார்ந்துவிடுவான். சொந்தக் கடை போட்டவர்களும் உண்டு.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பையனின் படிப்பு போயிற்று. விளையாட்டு போயிற்று. திட்டும் அடியும் மிச்சம். மாஸ்டருக்கு மனம் வராவிட்டால், துடைக்கும் துணி கடைசி வரை கையை விட்டுப் போகாது.

இந்த வழியைச் சட்டம் அடைத்துவிட்டது. 2006-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி முதல், 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஓட்டல், டீக்கடை முதலிய இடங்களில் வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. 2016-ல் சட்டம் மேலும் இறுகியது. குழந்தையின் இடம் பள்ளிக்கூடம் என்பது உறுதியாயிற்று. இது நல்ல காரியம். இதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வழி அடைபட்டது. அந்த இடத்தில் புது வழி சரியாகத் திறக்கவில்லை. இன்று ஓட்டல் வேலைக்கு வருகிறவர் 18 வயதோ 25 வயதோ ஆனவர். அவர் பத்து ஆண்டு காத்திருந்து தொழில் கற்க முடியாது. வந்த மாதமே வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். சொல்லிக் கொடுக்க மாஸ்டருக்கும் ஓய்வில்லை.

கல்லூரிகள் யாருக்கு?

"ஓட்டல் தொழிலுக்குக் கல்லூரிகள் இருக்கின்றனவே!" என்று கேட்கலாம். இருக்கின்றன. 1954-ல் பம்பாயில் முதல் கல்லூரி தொடங்கியது. சென்னையில் 1963-ல் ஒன்று ஏற்பட்டது. இப்போது அது தரமணியில் இருக்கிறது. திருச்சிக்கு அருகே துவாக்குடியிலும் ஒன்று உண்டு. தனியார் கல்லூரிகளும் பல.

இவற்றில் பட்டப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மூன்று ஆண்டு படிக்க வேண்டும். படித்தவர்கள் நட்சத்திர ஓட்டல்களுக்கும், கப்பல்களுக்கும், வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்று, பன்னிரண்டு ஆண்டாகத் தோசைக் கல்லின் முன் நிற்பவருக்கு அந்த வாசல் திறப்பதில்லை. அவருக்கு வேண்டியது வேறு.

அரசாங்கம் செய்து பார்த்தவை

அந்த வேறு வழியைத் தேடி அரசாங்கம் பல காரியங்களைச் செய்து பார்த்திருக்கிறது.

முதலாவது பழமையானது. 1967-ல் பம்பாய் ஒர்லியில் "ஸ்ரமிக் வித்யாபீடம்" என்ற பெயரில் தொழிலாளருக்கென்று ஒரு கல்வி நிலையம் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்கள் ஒழிந்த நேரத்தில் வந்து கற்கலாம் என்பதே அதன் கருத்து. இதுபோல் பல ஊர்களில் ஏற்பட்டன. 2000-ல் இவற்றுக்கு "ஜன சிக்ஷண் சன்ஸ்தான்" என்று பெயர் மாறியது. தமிழில் மக்கள் கல்வி நிறுவனம். எழுத்தறியாதவரும், இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவரும், பள்ளியை நடுவில் விட்டவரும் இதில் சேரலாம். பயன் பெற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இரண்டாவது, மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10-ல் தொடங்கிய திட்டம். "ஹுனர் சே ரோஜ்கார் தக்" என்று பெயர். திறமையிலிருந்து வேலைக்கு என்பது அதன் பொருள். எட்டாம் வகுப்புப் படித்த இளைஞர்களுக்குச் சமையல் 8 வாரம், பரிமாறுதல் 6 வாரம் கற்றுக்கொடுத்தார்கள். கட்டணம் இல்லை. கைச்செலவுக்கு ஒரு தொகையும் தந்தார்கள்.

அதே அமைச்சகம், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்காக இன்னொரு ஏற்பாடும் செய்தது. 6 நாள் பயிற்சியும் சோதனையும். முடிவில் சான்றிதழ். இதில் ஒரு புதுமை இருந்தது. அந்த 6 நாளும் வேலைக்குப் போகாததால் இழந்த கூலிக்கு ஈடாக ஒரு தொகை கொடுத்தார்கள். தொழிலாளியின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டுகொண்ட ஏற்பாடு இது.

மூன்றாவது, 2015-ல் வந்த பிரதம மந்திரியின் திறன் வளர்ச்சித் திட்டம். அதில் ஒரு பகுதி, தெரிந்த தொழிலுக்குச் சான்று கொடுப்பது. ஒருவர் எங்கே கற்றார், யாரிடம் கற்றார் என்று கேட்பதில்லை. செய்துகாட்டச் சொல்கிறார்கள். குறையிருந்தால் சிறிது பயிற்சி. பிறகு சோதனை, தேறினால் சான்று. வேலை செய்யும் இடத்துக்கே வந்து சோதிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் தொடங்கிய பயிற்சி. இது சில மணி நேரத்தில் முடிவது. சமைப்பவர், பரிமாறுபவர் 25 பேருக்கு ஒருவராவது இந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் ஏற்பாடு.

கைக்குத் தெரிந்ததும் தெரியாததும்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். தோசை சுடத் தெரிந்தவருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

கல் காய்ந்ததா என்பதைத் தோசை மாஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் எழும் ஓசையே அவருக்குச் சொல்லிவிடும். மாவு புளித்தது போதுமா என்று மூக்கு சொல்லும். இந்தப் படிப்பை எந்தக் கல்லூரியும் அவருக்கு மேல் கற்றுத்தர முடியாது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. வெப்பம் 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருந்தால் உணவில் கிருமிகள் பெருகும். சமைத்தது ஒன்று சூடாக இருக்க வேண்டும், அல்லது குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் ஆபத்து. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மாலை வரை வெளியே இருந்தால் இதுதான் நடக்கிறது. சோற்றில் ஒரு வகைக் கிருமி உண்டு. சோறு வெகு நேரம் வெளியே கிடந்தால் அது நஞ்சை உண்டாக்கிவிடும். பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போகாது. "சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப் போகிறது.

எண்ணெய் விஷயமும் அப்படியே. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட பொருள்கள் சேருகின்றன. அவை 25 சதவீதத்துக்கு மேல் போன எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி அமலில் இருக்கிறது. வடை போடுகிறவருக்கு எண்ணெயின் நிறமும் நுரையும் தெரியும். விதி இருப்பது தெரியாது. தெரியாமல் செய்தாலும் தவறு தவறுதான். சுத்தமில்லாமல் உணவு தயாரித்தால், 2006-ம் ஆண்டின் சட்டப்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

இன்னும் இருக்கிறது. காஸ் கசிந்தால் முதலில் எதை மூடுவது? எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா? (ஊற்றவே கூடாது. தீ மேலும் பரவும். அடுப்பை அணைத்துச் சட்டியை மூடவேண்டும்.) நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் கேட்டால் எந்தப் பதார்த்தத்தில் அது இருக்கிறது என்று சொல்லத் தெரியுமா? ஒரு தோசைக்கு என்ன அடக்கம், என்ன லாபம்? இவற்றையெல்லாம் கை தானாகக் கற்றுக்கொள்வதில்லை. சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

ஆகவே பள்ளிக்கூடம் வேண்டும் என்பது சரி. ஆனால் தெரிந்ததையே திரும்பச் சொல்லும் பள்ளிக்கூடமாக அது இருக்கக் கூடாது. கைத்திறமைக்குச் சோதனை வைத்துச் சான்று கொடுக்க வேண்டும். தெரியாததை மட்டும் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மாதக் கணக்கில் ஆகும் படிப்பு நாள் கணக்கில் முடியும்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் சமையல் தொழில் கற்க 3 ஆண்டு. ஆனால் 3 ஆண்டும் வகுப்பில் உட்காருவதில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி. மற்ற நாள்கள் ஓட்டல். முதல் மாதத்திலிருந்தே ஓட்டல் சம்பளம் தருகிறது. பள்ளி நாளுக்கும் சேர்த்துத்தான். முறைப்படி கற்காமல் வேலையிலேயே பழகியவர்களுக்கும் அங்கே வழி உண்டு. பயிற்சிக் காலத்தைப் போல் ஒன்றரை மடங்கு காலம் வேலை செய்திருந்தால், அதாவது நாலரை ஆண்டு உழைத்திருந்தால், அதே இறுதிப் பரீட்சையை அவரும் எழுதலாம். தேறினால் இருவர் சான்றிதழும் ஒன்றே.

சிங்கப்பூரில் 1983-ல் ஓட்டல் முதலாளிகள் சங்கமே ஒரு பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தியது. பிறகு 2015-ல் அந்நாட்டு அரசாங்கம், குடிமக்கள் வேலையில் இருந்துகொண்டே கற்பதற்கு உதவித் திட்டம் கொண்டுவந்தது. பகுதி நேரமாகப் படிக்கும் நடு வயதுத் தொழிலாளருக்கு 2026 முதல் மாதம் 300 வெள்ளி உதவித் தொகை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தது.

ஜெர்மனியில் படிக்கும் நாளின் சம்பளத்தை முதலாளி தருகிறார். சிங்கப்பூரில் படிக்கும் காலத்துச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கிறது. இரண்டு இடத்திலும் முழுச் சுமையும் தொழிலாளியின் தலையில் விழுவதில்லை. படிப்பு நடக்கிறது.

முதலாளியின் பயமும் தொழிலாளியின் சந்தேகமும்

இங்கே முதலாளிகளுக்கு ஒரு பயம் இருக்கிறது. "பயிற்சி கொடுத்தால் அடுத்த மாதமே அடுத்த தெரு ஓட்டலுக்குப் போய்விடுவான்" என்கிறார்கள். இது வெறும் கற்பனை அல்ல. ஆள் பஞ்சம் உள்ள தொழில் இது. மாஸ்டர் ஒருவர் திடீரென்று நின்றுவிட்டால் அன்று கடையே நின்றுவிடும்.

ஆனால் பயிற்சி பெறாதவரும் போகத்தான் செய்கிறார். 100 ரூபாய் அதிகம் கிடைத்தால் போகிறார்; திட்டு அதிகமானால் போகிறார். ஆளை நிறுத்தி வைப்பது அறியாமை அல்ல, சம்பளமும் மரியாதையும்தான். அதுவுமன்றி, பயிற்சியின் செலவைத் தனி ஒரு முதலாளி ஏற்க வேண்டுமென்பதில்லை. ஒரு ஊர் ஓட்டல்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து ஏற்றால், ஆள் எந்தக் கடைக்குப் போனாலும் அந்த ஊருக்குள்தான் பயன் சுற்றும்.

தொழிலாளியின் சந்தேகம் வேறு. "சான்றிதழ் வாங்கினால் சம்பளம் ஏறுமா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நாளொன்றுக்கு 700 ரூபாய் வாங்குகிறவர் 6 நாள் வகுப்புக்குப் போனால் 4,200 ரூபாய் நஷ்டம். பயிற்சிக்குப் பின் தினம் 20 ரூபாய் ஏறினால்கூட, அந்த நஷ்டம் ஈடாக 210 வேலை நாள்கள் ஆகும். ஒரு பைசாவும் ஏறாவிட்டால்? சான்றிதழ் பெட்டிக்குள் கிடக்கும். அடுத்தவர் வகுப்புக்கு வரமாட்டார்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஓட்டல்களில் காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, அறை சுத்தம் செய்வது முதலிய வேலைகளில் பெண்கள் இருக்கிறார்கள். கரண்டி பிடிக்கும் மாஸ்டர் வேலை அவர்களுக்கு எளிதில் வருவதில்லை. வீட்டில் மூன்று வேளையும் சமைக்கிறவர் ஓட்டலில் மட்டும் காய் நறுக்குவதோடு நின்றுவிடுகிறார். வேலை முடிந்தால் வீட்டு வேலை காத்திருக்கிறது. மாலை வகுப்பு அவர்களுக்கு ஆகாது. வேலை நேரத்துக்குள்ளேயே ஒரு மணி ஒதுக்கினால்தான் அவர்கள் கற்க முடியும்.

மொழியும் ஒரு தடை. இன்று தமிழ்நாட்டு ஓட்டல்களில் பீகார், ஒரிசா, அஸ்ஸாம், நேபாளம் முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். தமிழில் மட்டும் பாடம் நடத்தினால் அவர்களுக்குப் புரியாது. இங்கிலீஷில் நடத்தினால் யாருக்குமே புரியாது. படம் காட்டி, செய்து காட்டி நடத்தும் பாடமே எல்லாருக்கும் பொது.

என்ன செய்யலாம்?

பகுதி நேரப் பயிற்சி பலன் தர மூன்று காரியம் நடக்க வேண்டும்.

வகுப்பு தொழிலாளி இருக்கும் இடத்துக்கு வரவேண்டும். மூன்று தெரு ஓட்டல்களுக்கு ஒரு கல்யாண மண்டபச் சமையலறை போதும். முகூர்த்தம் இல்லாத நாள்களில் அது பூட்டியே கிடக்கிறது.

வகுப்பு நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். தூக்கத்தைத் திருடிக் கொடுக்கும் படிப்பு மண்டையில் ஏறாது. தூக்கமில்லாதவர் கத்தி பிடிப்பதும், கொதிக்கும் எண்ணெய் அருகே நிற்பதும் அபாயம்.

சான்றிதழுக்கு ஒரு விலை இருக்க வேண்டும். இன்ன சான்று பெற்றால் இன்ன சம்பள உயர்வு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

வீட்டில் மகனோ, மகளோ, கணவரோ இத்தகைய பயிற்சியில் சேரப்போகிறார் என்றால், குடும்பத்தார் சில கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

1. வகுப்பு எத்தனை மணி நேரம்? அதில் அடுப்படியில் நின்று செய்வது எத்தனை மணி?

2. சான்றிதழ் கொடுப்பது யார்? 2018-ல் மத்திய அரசாங்கம் அமைத்த தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சிலின் அங்கீகாரம் அதற்கு உண்டா?

3. இது அரசாங்கத் திட்டமா? அப்படியானால் கட்டணம் கேட்பது ஏன்?

4. ஏற்கெனவே வேலை தெரிந்தவர் என்றால், முழுப் படிப்பும் படிக்காமல் நேரே சோதனைக்குப் போக முடியுமா?

5. "முடித்ததும் துபாய் ஓட்டலில் வேலை" என்று சொல்கிறார்களா? அப்படிச் சொல்கிறவர், ஆள் அனுப்ப மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா? பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்காமல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது.

இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வந்தால் சேரலாம். மழுப்பினால் விலகிக்கொள்ளலாம்.

தோசை சுடத் தெரிந்தவருக்கும் பள்ளிக்கூடம் வேண்டும். ஆனால் அது அவருடைய சம்பளத்தைப் பறிக்காத பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும். பகல் 3 மணிக்குக் களைத்து உட்காரும் சிப்பந்தியின் அருகில் வந்து, அவருக்குத் தெரிந்ததை மதித்து, தெரியாததைச் சொல்லித்தர வேண்டும். அப்படி ஒரு பள்ளிக்கூடம் வந்தால், சாப்பிட வரும் குடும்பத்துக்கும் நல்லது. சமைத்துப் போடும் குடும்பத்துக்கும் நல்லது.